சுலோச்சனாவைக் கேட்டுப் பாருங்கள்

சிங்காநல்லூர் குழந்தைகள் காப்பகத்திலும் வேலை இல்லை என்று ஆனபோதுதான் வசந்தாமணிக்குச் சந்தேகம் தட்டியது.

அதற்கு முன்னால் போன இடங்களிலும் நேர்காணல் நன்றாகத்தான் நடந்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில் அவளுக்கு நல்ல அனுபவம். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டால் அது ஏன் அழுகிறது என்று சொல்லிவிடுவாள். போன இடங்களிலெல்லாம் சிரித்த முகத்தோடு "நாளைக்குக் கூப்பிடறோம்" என்றார்கள். அந்த நாளை வரவேயில்லை.

சிங்காநல்லூரில் பொறுப்பாளராக இருந்த பெண்ணுக்கு இளகிய மனசு. வாசல்வரை கூடவே வந்து, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வசந்தாமணியிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க பழைய மேடத்துகிட்டக் கேட்டோம். காய்ச்சல்ல கெடந்த கொழந்தையத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு சொல்றாங்க."

"எந்த மேடமுங்க?"

"சுலோச்சனா மேடம்."

சுலோச்சனா அக்கா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரைக் குளிப்பாட்டிக் கடைசிச் சேலையைக் கட்டிவிட்ட பெண்களில் வசந்தாமணியும் ஒருத்தி.

அந்தப் பெண் தவறாகச் சொல்லவில்லை. அப்போது ஊரெங்கும் சான்றுக்குரல் வந்துவிட்டிருந்தது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பழைய முதலாளியிடம் கடிதம் கேட்பதில்லை, மேலாளரின் குரலையே கேட்டார்கள். மேலாளர்கள் வேலை நேரத்தில் பேசியதெல்லாம் சட்டையில் குத்திய சிறு கருவியில் பதிவாகும். அந்தப் பதிவுகளிலிருந்து அவர்களைப் போலவே பேசும், அவர்களைப் போலவே யோசிக்கும் ஒரு குரல் உருவாக்கப்படும். மேலாளர் வேறு ஊருக்குப் போனாலும், ஓய்வுபெற்றாலும், இறந்தே போனாலும் குரல் இருக்கும். பதிவு செய்துகொண்ட எந்த முதலாளியும் அதைக் கூப்பிட்டு, "இவர் எப்படி?" என்று கேட்கலாம். மனிதர்களுக்கு மறதி உண்டு, பகை உண்டு, குரலுக்கு இரண்டும் கிடையாது என்று விளம்பரம் செய்தார்கள். தன்னைப் பற்றித் தானே கூப்பிட்டுக் கேட்க மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை.

சுலோச்சனா அக்காவின் கீழே வசந்தாமணி பீளமேட்டுக் காப்பகத்தில் வேலை பார்த்தாள். அவர் போன பிறகு நிறுவனம் அங்கே கைக்குழந்தைப் பிரிவை மூடிவிட்டு ஓசூருக்குப் போகச் சொன்னது. மில் வேன் ஓட்டும் கணவனையும் பள்ளியில் படிக்கும் மகளையும் விட்டுவிட்டு எங்கே போவது? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. கிளம்பும்போது எல்லோரும் நின்று கை தட்டினார்கள். அப்படி இருக்க இந்தப் பழி எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். வேலை போனதைவிட, சொன்னது சுலோச்சனா அக்கா என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வழக்கறிஞர் மெஹராஜ் பானுவின் அலுவலகம் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. வசந்தாமணி நடந்ததைச் சொல்லி அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இப்ப சொல்லுங்க. அப்படி ஒண்ணு நடந்துச்சா?"

"இல்லீங்க மேடம். ஒரு கொழந்தைக்கு ஜுரம் ஏறி வெட்டு வலிப்பு வந்துச்சு. நான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். செருப்புக்கூடப் போடல. பின்னாலயே சுலோச்சனாக்கா ஓடி வந்தாங்க. அந்தக் கொழந்தை இப்ப ஸ்கூலுக்குப் போகுது."

"அதோட அப்பா அம்மா வந்து சாட்சி சொல்லுவாங்களா?"

"துபாய் போயிட்டாங்க. எழுதித் தரச் சொன்னாத் தருவாங்க."

மெஹராஜ் தலையாட்டினார். "சரி. இதுல என்னென்ன செய்யலாம்னு சொல்றேன், கேளுங்க. குரல் உங்களப் பத்தி என்ன சொல்லுச்சோ அதோட நகலக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. அதக் கேட்டு, பொய்யத் திருத்தச் சொல்லி, குரல நடத்துற நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம். தொழிலாளர் அலுவலர்கிட்ட மனு போடலாம். அதுக்கும் மசியலன்னா மானநஷ்ட வழக்கு. பொய்யான ஒரு விஷயத்த உங்களப் பத்தி இன்னொருத்தருகிட்டச் சொன்னாங்க, அதனால உங்களுக்கு வேலை போச்சு. இவ்வளவையும் நிரூபிச்சிடலாம்."

"அப்பறம் என்னங்க மேடம்?"

"அதுக்கப்பறம்தான் சிக்கல். மேலாளர் நல்லெண்ணத்தோட தன் கருத்தச் சொன்னா அது குத்தம் ஆகாது. வேணும்னே, வன்மத்தோட சொன்னாங்கன்னு நாம காட்டணும். யாரோட வன்மம்? இறந்தவங்க மேல வழக்குப் போட முடியாது. மெஷினுக்கு வன்மமே கிடையாது. நிறுவனத்தக் கேட்டா, 'நாங்க ஒரு வார்த்தையும் சேர்க்கல, பேசுறது அந்த அம்மாவோட குரல்'னு கையக் கழுவிடுவான். ஒரு குரல் பொய் சொல்லுச்சுன்னு ஒத்துக்கிட்டா, மத்த எல்லாக் குரலும் சந்தி சிரிச்சுப் போகுமே."

"அப்ப வழியே இல்லீங்களா?"

"ஒரு குறுக்கு வழி இருக்கு. இறந்தவங்களோட குரல் சட்டப்படி வாரிசோட சொத்து. வாரிசு அனுமதி குடுத்ததாலதான் நிறுவனம் அதப் பயன்படுத்துது. அவர் அனுமதிய வாபஸ் வாங்கினா, மறுநாளே குரல நிறுத்தியாகணும். அவங்களுக்கு யார் இருக்கா?"

"வீட்டுக்காரர் மட்டுந்தானுங்க. கொழந்தைங்க இல்ல."

"போய்ப் பாருங்க. ஒரு கையெழுத்துப் போதும்."

கனகசபாபதியை வசந்தாமணிக்குத் தெரியும். மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்றவர். மாலையில் மனைவியைக் கூட்டிப்போகக் காப்பக வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பார். உள்ளே வரச் சொன்னால் கூச்சப்படுவார். உப்பிலிபாளையத்து வீட்டில் அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கம்மிணி, வாங்க! எத்தன நாளாச்சு. உக்காருங்க, காப்பி போட்டுக் கொண்டாறேன்."

"இருக்கட்டுங்ணா, நான் போடறேன்."

"அட, நானே நல்லாப் போடுவேன். இப்பப் பழகிட்டேன்."

காப்பியில் சர்க்கரை அதிகம். வீடு சுத்தமாக இருந்தது, ஆனால் எல்லாப் பொருளும் ஒரே ஆள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வசந்தாமணி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "அக்காவோட சான்றுக்குரலப் பத்தி ஒரு விஷயம் பேசலாம்னு..." என்று இழுத்தாள்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். சின்னப் பையனைப் போல ஒரு வெட்கச் சிரிப்பு.

"உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா? அவ குரலக் கேக்கணும்னு தோணுச்சாக்கும். வெளிய சொல்லிப் போடாதீங்க, அம்மிணி. வீட்டு வேலைக்கு ஆள் வேணும்னு சொல்லி நானும் ஒரு முதலாளியாப் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். சாயங்காலமானாக் கூப்புடுவேன். மத்த பொண்ணுங்களப் பத்திக் கேட்டா ரெண்டு வார்த்தையில முடிச்சுப் போடுவா. உங்க பேரச் சொன்னாத்தான் நிக்காமப் பேசுவா. வீட்டுலயும் அப்படித்தான், எந்நேரமும் வசந்தா வசந்தாதான். இருங்க, கேளுங்க."

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் எண்ணை அழுத்திவிட்டார்.

"வணக்கம், சுலோச்சனா பேசறேன்."

வசந்தாமணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அதே குரல். வார்த்தையின் முடிவில் லேசாக மூச்சு வாங்கும் அதே பழக்கம்.

"வணக்கமுங்க. வசந்தாமணின்னு ஒருத்தரப் பத்திக் கேக்கோணும்" என்றார் கனகசபாபதி, மனைவியிடம் யாரோ மாதிரி.

"வசந்தாவா? தங்கமான பொண்ணுங்க. கொழந்தைங்க அவ மடிக்குத்தான் அடிச்சுக்கும். ஒரு தடவ ஒரு கொழந்தைக்கு வெட்டு வந்தப்ப செருப்புக்கூடப் போடாம..."

வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். பொய்யில்லை, எல்லாம் உண்மை. அக்கா தன்னை இப்படியா நினைத்திருந்தார்? நேரில் ஒரு நாளும் இப்படிப் புகழ்ந்ததில்லை.

"அதெல்லாம் சரிங்க. கொறையின்னு ஏதாச்சும் இருக்குமில்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, கனகசபாபதி ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். இப்போது கேளுங்கள் என்பதுபோல.

குரல் தயங்கியது. "ம்ம்..." என்று இழுத்து, ஒரு பெருமூச்சு விட்டது. "எப்படிச் சொல்றதுங்க..."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கைபேசியை மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார். "இதுக்குத்தான் அம்மிணி. நல்லது கேட்டா மடமடன்னு சொல்லிப் போடுவா. கொறை கேட்டாத்தான் இந்த 'ம்ம்' வரும். வீட்டுல எதக் கேட்டாலும் மொதல்ல இந்த ம்ம்தான். அதுக்கோசரம் தெனமும் கேக்கறேன்." பிறகு குரலிடம் கேட்டார்: "சொல்லுங்க, என்னங்க கொறை?"

"காய்ச்சலாக் கெடந்த ஒரு கொழந்தையத் தனியா விட்டுட்டுப் போயிட்டா" என்றது குரல்.

"வேற?"

"போன் பேசிக்கிட்டே இருப்பா. கொழந்தை அழுதாலும் திரும்பிப் பாக்கறதில்ல."

"ம். வேற என்னங்க?"

அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடி, உதட்டில் புன்னகையோடு இருந்தார். மழைச் சத்தத்தைக் கேட்பவர் அதில் வார்த்தை தேடுவதில்லை, அப்படித்தான் அவரும். ஒரு சொல்லும் அவர் காதுக்குள் போகவில்லை.

வசந்தாமணி எழுந்துகொண்டாள். "நேரமாச்சுங்ணா, இன்னொரு நாள் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எதற்கு வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"இப்பப் புரியுது" என்றார் மெஹராஜ், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு. "இந்தக் குரலுக்குத் தெரியாதுன்னு சொல்லத் தெரியாது. கேட்டா ஏதாவது பதில் சொல்லியே ஆகணும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க. உங்ககிட்டக் குறையே இல்லாதப்ப, தினமும் ஒருத்தர் குறை சொல்லு குறை சொல்லுன்னு கேட்டா என்ன பண்ணும்? தெரிஞ்ச விஷயத்தையே திருகிச் சொல்லும். ஒரு தடவ சொன்னத மறுதடவ மாத்திச் சொல்லக்கூடாதுன்னு நினைவுலயும் வெச்சுக்கும். அப்பறம் அதுக்கு அதுவே உண்மை."

"அப்ப அக்கா மேல தப்பில்லீங்க."

"அவங்க மேலயும் இல்ல, அவர் மேலயும் இல்ல. நிறுவனத்து மேல இருக்கு. நீங்க ஏன் கையெழுத்து வாங்காம வந்தீங்க?"

"எப்படிங்க கேப்பேன்? உங்களாலதான் எனக்கு இந்தக் கதின்னு அவருகிட்டச் சொல்லோணும். சொல்லிப்போட்டு, குரல நிறுத்துங்கன்னு வேற சொல்லோணும். பொண்டாட்டிக்கு ரெண்டாந்தடவ கொள்ளி வெக்கச் சொல்றாப்பல ஆயிடுங்க மேடம்."

"உங்க வாழ்க்கை?"

"வேற வழியில பாருங்க. நாளானாலும் ஆகட்டும்."

மெஹராஜ் நோட்டீஸ் அனுப்பினார். துபாயிலிருந்து அந்தப் பெற்றோர் எழுதியனுப்பியதையும் இணைத்தார். நிறுவனத்தின் பதில் அவர் சொன்ன மாதிரியேதான் வந்தது. மறைந்த மேலாளரின் கருத்தில் நிறுவனம் தலையிடுவதில்லையாம். தொழிலாளர் அலுவலரிடம் போட்ட மனு வாய்தா மேல் வாய்தாவாக நகர்ந்தது. வசந்தாமணி ஒரு கேட்டரிங் கூடத்தில் காய் நறுக்கப் போனாள். வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் தெருவில் யாராவது குழந்தையோடு போனால் திரும்பி நின்று பார்ப்பாள். "குழந்தைய விட்டுட்டுப் போனவளாமே" என்று பக்கத்துத் தெருவில் ஒருத்தி கேட்டுவிட்டாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. கணவன் முருகேசன், "அந்தப் பெரியவருகிட்ட நான் போய்ப் பேசறேன்" என்று கிளம்பியபோது அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

கனகசபாபதி தானாகவே வந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், வசந்தாமணி வழக்கறிஞரின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு கதவருகில் வந்து நின்றார். வசந்தாமணியின் வீட்டுக்குப் போய், முருகேசனிடம் விவரம் கேட்டு வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அன்னிக்கு நீங்க காப்பிய முழுசாக் குடிக்காம எந்திரிச்சுப் போனீங்க, அம்மிணி. ஏன்னு எனக்கு மனசு கேக்கல. மறுபடி கூப்புட்டு, அவ என்னதான் சொல்றான்னு மொதத் தடவையாக் கேட்டேன்."

"அண்ணா, உக்காருங்க."

"நான் நின்னுக்கறேன். அது சுலோ இல்லீங்க. கோவம் வந்தா என்னைய நாலு பேச்சுப் பேசுவா. ஆனா ஒரு பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட மாட்டா. நாந்தான் தெனமும் கேட்டுக் கேட்டு அவ வாயில பொய்யத் திணிச்சிருக்கேன். செத்தவள வெச்சு இப்படிப் பண்ணிப்போட்டேனே!" வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க கையெழுத்துப் போடோணும், சொல்லுங்க."

வசந்தாமணி அவசரமாக எழுந்து அவர் கையைப் பிடித்தாள். "அண்ணா, யோசிச்சுச் செய்யுங்க. வழக்கு ஒரு பக்கம் நடக்குது. நான் சமாளிச்சுக்குவேன்."

"நீங்க யோசிச்சது போதும் கண்ணு."

அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார் மெஹராஜ். "ஐயா, ஒண்ணு இருக்கு. சான்றுக்கு மட்டும் வேணாம்னு சொல்லிட்டு, குரல நீங்க வீட்டுல வெச்சுக்கலாம். சட்டம் அதுக்கு இடம் தருது."

கனகசபாபதியின் ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது. வசந்தாமணியால் பார்க்க முடியவில்லை.

"வேண்டாமுங்க" என்றார் கடைசியில். "நான் கேட்டுட்டேதான் இருப்பேன். அது எதையாச்சும் சொல்லிட்டேதான் இருக்கும். கொஞ்ச நாள் போனா எது அவ சொன்னது, எது மெஷின் சொன்னதுன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

வசந்தாமணிக்கு ஒன்று தோன்றியது. "மேடம், அக்கா வேலையில நெசமாலுமே பேசுனதெல்லாம் பதிவாகி இருக்குமில்லீங்களா? இந்தக் குரலச் செய்யறதுக்கு முன்னால இருந்தது. அதக் கேட்டு வாங்க முடியுங்களா?"

"முடியும். அதுவும் வாரிசோடதுதான்" என்றார் மெஹராஜ். பிறகு கனகசபாபதியிடம் திரும்பினார். "ஆனா அதுகிட்ட நீங்க பேச முடியாது, ஐயா. கேள்வி கேட்டாப் பதில் வராது. அவங்க பாட்டுக்குக் குழந்தைங்ககிட்டயும், ஆயாங்ககிட்டயும் பேசிக்கிட்டிருப்பாங்க. அவ்வளவுதான்."

பெரியவர் கண்ணீருக்கு நடுவே சிரித்துவிட்டார். "கலியாணம் ஆன நாள்லருந்து அப்படித்தானுங்களே? அவ பாட்டுக்குப் பேசுவா, நான் கேட்டுட்டிருப்பேன். குறுக்க கேள்வி கேட்டா வைவா."

கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசி எழுத்தில் பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மெஹராஜ் அவசரப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு நிறுவனம் இறங்கி வந்தது. குரல் எப்படிப் பொய் சொல்லப் பழகியது என்பதை விசாரணையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல மெஹராஜ் தயாராக இருந்தார். அதற்கு அவர்கள் தயாராக இல்லை. சுலோச்சனாவின் குரல் நிறுத்தப்பட்டது. வசந்தாமணியைப் பற்றிச் சொன்னது தவறு என்று, கேட்ட காப்பகங்களுக்கெல்லாம் எழுதி அனுப்பினார்கள். தவறு யாருடையது என்று மட்டும் எழுதவில்லை.

"விட்டுடலாமா?" என்று கேட்டார் மெஹராஜ்.

"எனக்கு இது போதுங்க. ஆனா வேற யாராச்சும் இந்த மாதிரி வந்தாங்கன்னா என் பேரச் சொல்லுங்க, மேடம். வந்து சாட்சி சொல்றேன்" என்றாள் வசந்தாமணி.

வழக்கு தீர்ந்தாலும் வேலை உடனே கிடைத்துவிடவில்லை. அவள் பெயரைப் போட்டுத் தேடினால் 'சான்று இல்லை' என்றுதான் இப்போது வந்தது. பொய்ச் சான்றுக்குப் பயந்த உலகம் சான்றே இல்லாதவரைக் கண்டும் பயந்தது. கடைசியாக சூலூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு காப்பகத்துக்குப் போனாள். அதை நடத்தும் எமல்டா அம்மையார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"சான்றுக்குரல் இல்லன்னு வருதே. உங்களத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? நான் பேசுறதுக்கு?"

வசந்தாமணி யோசித்தாள். "சுலோச்சனாக்காவோட வீட்டுக்காரர் இருக்காருங்க. அவர் என்கூட வேலை பாத்தவரில்ல. ஆனா அக்கா தெனமும் என்னையப் பத்தி அவருகிட்டப் பேசியிருக்காங்க."

"கேள்விப்பட்டவர்தானே?"

"ஆமாங்க. கேள்விப்பட்டவருதான்."

எமல்டா எண்ணைக் குறித்துக்கொண்டார். முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. வசந்தாமணி வீட்டுக்கு வந்து, முருகேசனிடம் இதுவும் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, மறுபடி கேட்டரிங் கூடத்துக்கே போனாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைத்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"எமல்டா பேசுறேன். அந்தப் பெரியவருகிட்டப் பேசினேன்ம்மா. எடுத்தவர் வைக்கவே இல்ல. எங்க வீட்டுல சாப்பாடு ஆறிப்போச்சு" என்றார் அவர். குரலில் ஏதோ நெகிழ்ந்திருந்தது. "உங்களப் பத்திக் கொஞ்சம் சொன்னார். மீதியெல்லாம் அவர் சம்சாரத்தப் பத்தி. நான் நிறுத்தச் சொல்லல."

"சரிங்கம்மா."

"குறை ஏதாவது உண்டான்னும் கேட்டேன். கேட்டுத்தானே ஆகணும்?"

வசந்தாமணியின் கையில் கத்தி அசையாமல் நின்றது. "என்ன சொன்னாருங்க?"

"ரொம்ப யோசிச்சார். அப்பறம், தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கு மேல கேக்காதீங்கன்னு சொன்னார். கொழந்தையக் கூட்டிப் போக லேட்டா வர்ற அப்பா அம்மாவ, யாருன்னும் பாக்காம வாசல்லயே நிக்க வெச்சுத் திட்டுவீங்களாம். ஒரு போலீஸ் அதிகாரிய அழ வெச்சிருக்கீங்களாம். அவர் சம்சாரம் வீட்டுக்கு வந்து அதச் சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டாங்களாம். நெசமா?"

வசந்தாமணி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெங்காயக் கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"ஆமாங்கம்மா" என்றாள். "அது நெசந்தானுங்க."